விஞ்ஞான ஆசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகள்



2019 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26 ஆம் நாள் முற்பகலிலே கங்கண சூரிய கிரகணம் நம் வடபுலத்தில் நன்கு புலப்பட்டது. சந்திரன் அன்று பூமிக்குச் சற்றுத் தூரத்தில் நின்றமையால், சூரிய வட்டம் முழுவதையும் மறைக்கமாட்டாதாயிற்று. விளிம்பிலே ஒளிவளையம் ஒன்று எஞ்சி நின்றது. விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கியபோது, தீவகத்திலே நம்மிடம் விஞ்ஞானங் கற்கும் மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, சந்திரன் மறைத்தது என்று நீங்கள் சொல்லுகின்றீர்கள், பாம்பு தீண்டியது என்று அப்பாச்சி சொல்லுகின்றார். எது மெய்?” என வினாவினான். நாம் சொல்லிய விடை யாது? “தம்பி, பரீட்சையில் சந்திரன் என்று எழுது” என்பதே.

பிள்ளை இருந்துவிட்டான். அன்றிரவு திருநீறு அணிந்து வழிபாட்டுக்கு நின்றபோது, நாம் செய்த பிழை நம் முன்னே வந்து நின்றது. மெய் எது என்று கேட்ட குழந்தைக்குப் பரீட்சைக்கு ஒரு மெய்யும் வீட்டுக்கு ஒரு மெய்யும் உண்டென்றன்றோ போதித்தோம்! அவன் நாளை இரண்டில் ஒன்றைக் கைவிடுவான்; அல்லது இரண்டனையும் நம்பாதொழிவான். நாத்திகம் பேசுவோர் சைவத்துக்குச் செய்யும் கேட்டினும், இவ்வாறு வாய்மூடும் சைவ ஆசிரியர் செய்யும் கேடு பெரிது.

இந்நோய்க்கு மருந்தாவது விபுலாநந்த அடிகள் சரிதம். அடிகள் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் நாள் கீழ்மாகாணத்துக் காரைதீவிலே அவதரித்தார். (நம் அயலிலுள்ள காரைநகரும் முன்னர் இப்பெயரே பூண்டிருந்தமையின், மாணாக்கர் மயங்காதிருக்க.) பிள்ளைத் திருநாமம் மயில்வாகனன். நம்மைப் போலவே அவரும் மிஷன் கல்லூரியிற் கற்றவர். ஆங்குப் பெற்ற விஞ்ஞான அறிவை அவர் அயலார் பொருளென்று தள்ளினாரல்லர். அதன்பொருட்டுத் தம் சமயத்தை நெகிழவிட்டாருமல்லர். 1916 ஆம் ஆண்டிலே கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாப் பட்டமும், அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றார். 1917 இல் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் எய்தி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் அமர்ந்தார்.

பதவியும் ஊதியமும் வந்தெய்திய அக்காலத்திலேயே, 1922 இல், சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924 இல் துறவு பூண்டார். காவியுடுத்தபின் கல்விப்பணியை விட்டாரா? இல்லை, அதனையே தவமாக்கினார். 1929 இல் மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தாபித்தார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கச் சொல் இல்லை என்பார் வாயடங்க, 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

அவர் அறிவும் அன்பும் ஒன்றாய்க் கனிந்த கனி யாழ்நூல். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றிலிரண்டு பங்காக்கினால் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். இத்தகைய அளவுகளைக் கணித நெறியால் ஆராய்ந்து, சிலப்பதிகார அரங்கேற்று காதை முதலியவற்றிற் கிடந்த இசையிலக்கணத்துக்கு அடிகள் பொருள் கண்டார். மறைந்துபோன யாழ் அவ்வாறே மீண்டும் அறியப்பட்டது. அந்நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்திலே அரங்கேறியது. ஆய்வினால் விளைந்ததனை ஆண்டவன் சந்நிதியிற் சமர்ப்பித்த அடிகள், ஒன்றரை மாதத்தில், ஜூலை 19 ஆம் நாள் இறைவன் திருவடி நிழல் எய்தினார்.

அடிகள் வேதாந்த மடத்துத் துறவியன்றோ, சித்தாந்த சைவராகிய நமக்கு அவர் எங்ஙனம் உதாரணமாவார் எனின், கூறுதும். நம் சித்தாந்தம் உலகத்தைப் பொய்யென்று ஒதுக்குவதன்று. குடத்துக்கு மண் முதற்காரணமும், திரிகை துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, உலகுக்கு மாயையும் சிவசத்தியும் சிவபெருமானும் முறையே காரணமாவர் என்பது நம் கொள்கை. அங்ஙனமாயின், பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கும் ஆசிரியர் ஆராய்வது குயவன் கையிலுள்ள மண்ணையேயாம். மண்ணின் இயல்பை நன்கறிதல் குயவனை மறுத்தலாகுமா? மண்ணை அறிந்த மாத்திரத்தாற் குயவனைக் கண்டோமென்று செருக்குதலும் தகாது. இவ்விரண்டு எல்லையையும் அறிந்து நிற்பதே சைவ விஞ்ஞான ஆசிரியர்க்கு அழகு.

இனி, அம்மாணாக்கனுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடையைச் சொல்லுதும்: “தம்பி, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரன் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகளுக்கே நம் சோதிட கணிதர் இராகு, கேது என்று பெயரிட்டனர். அமாவாசை அப்புள்ளிகளின் அண்மையில் நிகழும்போது சந்திரன் சூரியனை மறைக்கும். பாம்பு என்பது கதை வடிவம். கணக்கு அதன் உட்பொருள். அப்பாச்சியைப் பழியாதே, அவர் அந்நேரத்திற் செய்யும் சிவநாம செபம் நன்று. ஆனால் அச்சத்தாற் செய்யற்க. இத்துணை ஒழுங்காய் அண்டங்களை இயக்குவான் பெருமையை எண்ணிச் செய்க.”

இவ்விடையைப் பின்னொரு நாள் அவனை அழைத்துச் சொன்னோம். முன்னர்ச் சொல்லாமைக்கு வருத்தமும் தெரிவித்தோம். “அப்பாச்சிக்கும் இதைச் சொல்லுவேன், ஐயா” என்றான்.

ஆசிரிய அன்பர்களே! நம் வகுப்பில் எழும் எந்த வினாவையும் பரீட்சையைக் காட்டி அடக்காதிருப்போமாக. தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, மறுநாள் கற்று வந்து விளக்குவோமாக. நெற்றியில் நீறும் நாவில் மெய்யும் ஒருங்கே விளங்கக் கற்பித்தலே அடிகளுக்கு நாம் ஆற்றும் குருபூசையாம். அதற்கு வேண்டும் அறிவும் துணிவும் சிவபெருமான் நமக்கு அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.