காலமும் காற்புள்ளியும்

தாமிரபரணி கிழக்கு நோக்கி ஓடுகிறது என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பாளையங்கோட்டைப் பள்ளி மாணாக்கருள் ஒரு சிலர் 'இஸ் ஃப்ளோயிங்' என்றெழுதிச் சிவப்பு மைக்கு இலக்காவதும், என்றும் ஒரு தன்மைத்தாய் நிகழ்வதற்குச் சாதாரண நிகழ்காலமே உரியதென்று ஆசிரியர் 'ஃப்ளோஸ்' என்று திருத்துவதும் வழக்கம். இது ஆங்கிலேயரின் தனிச்சொத்தன்று. முக்காலத்தும் ஒத்தியலும் பொருளை நிகழ்காலப் பொதுச்சொல்லால் கூறுக என்று தொல்காப்பியர் வினையியலில் விதித்துவிட்டார்.

ஆற்றுக்கும் மலைக்கும் பொருந்தும் இவ்விதி ஆண்டவனுக்குப் பொருந்துமா? 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், யோவான் சுவிசேஷம் எட்டாம் அதிகாரத்தின் இறுதியில், ஆபிரகாமுக்கு 'வாஸ்' என்று இறந்தகாலம் தந்த இயேசு, அவனுக்கும் முந்திய தமக்கு 'ஐ ஆம்' என்று நிகழ்காலத்தை வைத்துக்கொள்கிறார். வகுப்பறையில் இது பிழை. கிரேக்க மூலத்திலோ நிகழ்காலமே நிற்கிறது. கேட்டவர்கள் கல்லெடுத்தது இலக்கண வழுவுக்காகவன்று, அந்த நிகழ்காலம் தெய்வத்தன்மைக்கு உரிமை கொண்டாடுகிறதென்று கண்டுகொண்டதனாலேயே. பதியாகிய இறைவனை அநாதி என்று கொண்டு நெல்லையப்பர் சந்நிதியில் நிற்கும் சைவ சித்தாந்திக்கு இந்த வழு விநோதமாகத் தோன்றாது.

காற்புள்ளியின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்குப் பரதீசு வாக்களிக்கப்படும் லூக்கா 23ஆம் அதிகாரத்து வாக்கியத்தில், 'இன்று' என்னும் சொல்லுக்கு முன் புள்ளியிட்டால் அவன் அன்றைக்கே பரதீசு சேர்கிறான். பின் இட்டால், சொல்வது மட்டும் இன்று, சேர்வது எப்போதோ. யெகோவாவின் சாட்சிகள் பின்னதைக் கொள்வர். நம் ஏட்டுச் சுவடிகளைப் போலவே பழைய கிரேக்கப் பிரதிகளும் இத்தகைய புள்ளிகளின்றி எழுதப்பட்டவையாதலின், எழுதினவர் சாட்சி நமக்குக் கிட்டாது. 'மெய்யாகச் சொல்லுகிறேன்' என்னும் பொருளில் இயேசு மற்ற இடங்களிலெல்லாம் பேசும்போது அத்தொடர் 'இன்று' என்பதை வேண்டாமலே நிறைவெய்துவதால், புள்ளி முன்னே வருவதே நியாயம் என்பது என் துணிபு.

பாளையங்கோட்டையில் 1820 முதல் 1838 வரை வாழ்ந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, தமிழிலக்கணமும் எழுதிய ரேனியஸ் ஐயர், இவ்விரு வாக்கியங்களையும் எளிதில் கடந்திருக்க முடியாது. அவருடைய ஊரில் இன்று ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: மதிப்பெண்ணைக் குறைக்குமுன், பையன் என்ன பொருள் கருதி எழுதினானென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.