கூச்சம் தெளிதல்

குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. அக்குளில் விரல் பட்டால் உடம்பு கூசுகிறது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் ஆளே கூசிப்போகிறார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ காலமாகச் சமாளிக்கிறோம்.

பல் ஏன் கூசுகிறது என்பதற்குக் காரணம் தெரியும். மேலே உள்ள எனாமல் தேய்ந்தால் அடியிலுள்ள டென்டின் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். சில்லென்று ஏதாவது பட்டால் திரவம் அசைகிறது, நரம்பு விழித்துக்கொள்கிறது. கூசுகிற பல் அளவுக்கு மீறி உணர்கிற பல், அவ்வளவுதான். வேர் சிகிச்சை செய்து நரம்பை எடுத்துவிட்டால் அந்தப் பல்லின் மேல் ஐஸ் கட்டியையே வைக்கலாம். அதற்குக் குளிரே தெரியாது.

கூச்ச சுபாவம் உள்ளவரைத் ‘தைரியம் பத்தாது’ என்று சொல்லிவிடுகிறோம். ஏதோ ஒன்று அவரிடம் குறைவு என்ற கணக்கு அது. கூச்சம் என்ற சொல்லின் கணக்கு வேறு: அவருக்கு எல்லாமே கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது.

*

சண்டையில் ‘வெட்கம் மானம் சூடு சொரணை’ என்று நாலையும் ஒரே மூச்சில் அடுக்கித் திட்டுவார்கள். முன்னிரண்டும் மனசைச் சேர்ந்தவை, பின்னிரண்டும் தோலைச் சேர்ந்தவை. சுட்டாலும் உறைக்காதவன் என்று பொருள். திட்டுகிறவருக்கு அந்த நேரத்திலும் உடற்கூறு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

வள்ளுவரும் இந்த வழியில்தான் போகிறார். ‘நாணுடைமை’ 102ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில், உள்ளத்தில் நாண் இல்லாதவர் நடமாடுவதைக் கயிற்றில் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் ‘மரத்துப்போச்சு’ என்கிறோமே, அந்த மரம்தான்.

அதே அதிகாரத்தின் முதல் குறளிலேயே அவர் ஒரு வேலி போட்டுவிடுவது எனக்குப் பிடிக்கும். தகாத செயலை நினைத்துக் கூசுவதுதான் தான் சொல்லும் நாணம். பெண்களுக்குரியதென்று சொல்லப்படும் நாணம் வேறு. இந்த வேலியை நாம் கவனித்ததாகத் தெரியவில்லை. பெண் தலைகுனிந்தால் அடக்கம், பையன் தலைகுனிந்தால் ‘என்னடா பொம்பளப் புள்ள மாதிரி’. காமத்துப்பாலிலோ, 114ஆம் அதிகாரத்தில், நாணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று புலம்புகிறவன் ஓர் ஆண். நாணும் நல்லாண்மையும் முன்பு தன்னிடம் இருந்தன, இப்போது இருப்பது காமுற்றவர் ஏறும் பனைமடல் குதிரை மட்டும்தான் என்கிறான். ஆண்மையையும் நாணத்தையும் ஒரே மூச்சில் சொல்ல அவனுக்குக் கூச்சமில்லை.

*

விருந்தாளி வந்ததும் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது: ‘பழகப் பழகத் தெளிஞ்சிரும்.’ தெளிவதும் மரத்துப்போவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டிலும் சுருங்குவது நின்றுவிடுகிறது.

தொட்டாற்சிணுங்கியை வைத்து ஒரு சோதனை 2014இல் வெளிவந்தது. தொட்டியோடு செடியைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற பரப்பின் மேல் திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் இலைகள் மூடின, போகப்போக மூடவில்லை. களைத்துவிட்டதோ என்று பார்க்கச் செடியை வேறு விதமாக உலுக்கினார்கள். உடனே மூடிக்கொண்டது. விழுவதால் கேடில்லை என்பது மட்டும் பிடிபட்டிருக்கிறது, உணர்ச்சி அப்படியே இருக்கிறது. நான்கு வாரம் கழித்து விழவிட்டபோதும் மூடவில்லை. செடிக்கு ‘நினைவு’ உண்டா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். தெளிந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, ‘அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லு’ என்று ஒவ்வொரு தடவையும் நெருக்கினால் அதுவும் ஒருநாள் சுருங்காமல் நிற்கும். எந்த வகையில் நிற்கிறது என்று யாரும் உலுக்கிப் பார்ப்பதில்லை.

*

டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் முகம் சிவப்பதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். தோலைக் கூசச் செய்து சிரிக்க வைத்துவிடலாம். எதைச் செய்தும் உடம்பின் வழியாக முகத்தை நாணத்தில் சிவக்க வைக்க முடியாது, மனசைத் தொட வேண்டும் என்றார். வேண்டுமென்று நினைத்தாலும் வராது, வேண்டாமென்று நினைத்தால் கூடும்.

கல்யாண மண்டபத்துப் புகைப்படக்காரர் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார். விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு மணப்பெண்ணிடம் சொல்கிறார்: “கூச்சப்படாம, கொஞ்சம் வெட்கப்படுங்க மேடம்.” அந்தப் பெண்ணும் சரியாகச் செய்துவிடுகிறாள். பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளைக்குத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.