கான் ஜோச்சியும் பிள்ளைகளின் மார்க்கமும்

கஜகஸ்தானின் உலித்தாவ் பகுதியில், கெங்கிர் ஆற்றங்கரையில், சுட்ட செங்கல்லால் கட்டி நீல ஓடு பதித்த குவிமாடத்தோடு நிற்கிறது ஜோச்சி கானின் கல்லறை மாடம். செங்கிஸ் கானின் மூத்த மகன் இவர். கஜக் கான்கள் தம் வம்சத்தை இவரிடமிருந்தே எண்ணினார்கள். தந்தை 1227இல் இறப்பதற்குச் சற்று முன்பே இறந்துபோன இவர் முஸ்லிம் அல்லர். இவர் மகன் பெர்கேதான் ஜோச்சி வழிவந்த ஆட்சியாளர்களில் முதலில் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவர்கள் அரசின் மார்க்கமானது 14ஆம் நூற்றாண்டில், உஸ்பெக் கான் காலத்தில். அப்படியிருக்க, இஸ்லாமிய மரபில் மாடம் எழுப்பி இவரைப் போற்றுவது சரியா? தாம் ஏற்ற நம்பிக்கையை, அதை அறியாமலே இறந்த முன்னோர்மேல் பிள்ளைகள் ஏற்றிவிடலாமா?

ஏற்றக் கூடாது என்பதே என் எண்ணம். ஆனால் அங்கே நடப்பது அதுவல்ல என்றும் நினைக்கிறேன். இணைவைத்த நிலையில் இறந்தவர் நெருங்கிய உறவே ஆனாலும் அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்கலாகாது என்கிறது குர்ஆனின் 9ஆம் அத்தியாயம். அதே மார்க்கத்தில்தான், நபிகள் தம் தாய்க்காக மன்னிப்புக் கேட்க அனுமதி வேண்டியபோது மறுக்கப்பட்டது, அவருடைய கப்றுக்கு, அதாவது கல்லறைக்கு, சென்றுவர வேண்டியபோது அளிக்கப்பட்டது என்ற செய்தியும் சஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மறுமையில் ஒருவரின் நிலையைத் தீர்மானிப்பது இறைவனின் உரிமை; பெற்றவர் கிடக்கும் இடத்துக்குப் போய் நிற்பது பிள்ளையின் உரிமை. இந்த இரண்டையும் மார்க்கமே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஜோச்சியை முஸ்லிமாக்காமலே அவர் பேரர்கள் அவரிடம் வர முடிவது இதனால்தான். அங்கே வழங்கும் கதையும் மறுமையைப் பேசவில்லை, பெற்றவனின் துயரத்தையே பேசுகிறது. மகனின் சாவுச் செய்தியைச் சொல்பவன் வாயில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றுவேன் என்றாராம் செங்கிஸ். கெத்புகா என்ற கலைஞர் வாய் திறக்காமல் தோம்ப்ரா என்ற தந்திக் கருவியை மீட்டியே செய்தியைச் சொல்லிவிட, ஈயம் அந்தக் கருவியின் மேல் ஊற்றப்பட்டதாம். தோம்ப்ராவின் முகப்பலகையில் இருக்கும் துளை அப்படி வந்தது என்பார்கள்.

கப்றின் மேல் கட்டடம் எழுப்புவதையே தடுக்கும் ஹதீஸ்கள் உண்டே என்பது வலுவான மறுப்பு. அதை நான் தள்ளிவிடவில்லை. அங்கே இறந்தவரிடமே வரம் கேட்பவர் இருந்தால், மறுப்பவர் பக்கமே நியாயம். ஆனால் அந்தத் தடை அஞ்சுவது இறைவனுக்குரியதை இறந்தவருக்குக் கொடுத்துவிடுவதை. முன்னோரை நினைப்பதை அது விலக்கவில்லை. இன்னொரு மறுப்பு வரலாற்றாளருடையது. மாடம் ஜோச்சிக்குப் பிந்தைய 14ஆம் நூற்றாண்டினது என்று கருதுவோர் உண்டு. 1946இல் தொல்லியலாளர் அல்கேய் மர்குலான் அகழ்ந்தபோது கிடைத்த எலும்புகள் அவருடையவை என ஐயமற நிறுவப்படவும் இல்லை. எலும்புக்கு அருளாற்றல் உண்டு என்று நம்பி வருபவருக்கு இந்த ஐயம் பெரிய இடி. தன் குலம் எங்கிருந்து வந்தது என்று நினைக்க வருபவருக்கோ, அந்த எலும்புகள் வேறொருவருடையவை என்று நாளை தெரிந்தாலும் ஜோச்சி அவருடைய முன்னோர்தான்.