பதினொன்றாவது பாட்டு

பிறர் பாட்டைப் பிழையில்லாமல் வாசிப்பது திறமை; தன் பாட்டை மேடையேற்றுவது துணிச்சல். திறமைக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். துணிச்சலுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் கிடைக்கும்.

1984-இல் பம்பாயில் தொடங்கிய 'ராக் மெஷின்' அப்படிப் பொறுத்திருந்த இசைக்குழு. கல்லூரி விழாக்களில் மேலைநாட்டு ராக் பாடல்களை அப்படியே வாசித்தால்தான் கூட்டம் ரசிக்கும் என்றிருந்த காலம் அது. 1988-இல் அவர்கள் தங்கள் சொந்தப் பாடல்களோடு ஆல்பம் கொண்டுவந்தார்கள். 1993-இல் 'இண்டஸ் கிரீட்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். கிடார் உத்தியை எந்த கேசட்டைக் கேட்டும் பழகலாம். 'இந்த மண்ணில் இருந்துகொண்டே நாமும் எழுதலாம்' என்ற தைரியத்தை முன்னே போனவர்தான் தர முடியும். அடுத்து வந்த இளைஞர்களுக்கு அதைத் தந்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

பிறருடையதைச் செய்வதற்கும் தன்னுடையதைச் செய்வதற்கும் உள்ள இந்த வேறுபாடு திருப்பூருக்கு நன்றாகவே புரியும். உலகம் உடுத்தும் பனியனை இங்கே தைக்கிறோம். கழுத்தில் வைக்கும் லேபிள் பெரும்பாலும் வேறொருவருடையது. அந்தத் தையலில் தாழ்வேதும் இல்லை. தொழில் கற்றதும் அதில்தான், சோறு போடுவதும் அதுதான். ஆனால் தேர்ந்த கை ஒருநாள் தன் பெயரையும் தைத்துப் பார்க்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வந்து கிடாரையோ பறையையோ கையில் எடுக்கும் தம்பிகளே, தங்கைகளே! பிறர் பாட்டுப் பத்தைப் பழகுங்கள். பதினொன்றாவதை நீங்களே எழுதுங்கள்.