உனக்கென்ன குறை?

அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா குமராட்சியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்து சென்னை அலுவலகத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். பெண் குழந்தை, பிறந்து முப்பது நாள். குழந்தை அழுதால் அக்கா எழுவாள், பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. "பச்ச ஒடம்புக்காரி அழக்கூடாது, பால் வத்திடும்" என்றாள் அத்தை. பார்க்க வந்தவர்கள் "அடுத்தது பையனா பொறக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். என் பங்குக்கு நான் கேட்டேன்: "உனக்கென்னக்கா குறை?"

"ஒண்ணுமில்லடா" என்றாள். இரண்டு நாள் கழித்து, ராத்திரி: "இவளப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலடா. நான்லாம் என்ன அம்மா?"

அன்பு தோன்றாமல் போவது ஒழுக்கக் குறையா? கான்ட் இதில் தெளிவாக இருக்கிறார். அன்பு ஓர் உணர்வு என்றால் அதைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. கடமை என்று விதிக்கக்கூடியது செயலை மட்டும்தான். நாமோ தாய்ப்பாசத்தை இயல்பு என்கிறோம், கூடவே கடமை என்றும் சொல்கிறோம். தானாக வரும் என்றால் வராதபோது திட்டுவதற்கு என்ன இருக்கிறது? கடமை என்றால், ஒன்றுமே தோன்றாமல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுத்தவளைவிட அதை யார் நிறைவேற்றினார்கள்?

இதெல்லாம் பின்னால் யோசித்தது. அப்போது எனக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. பிரசவமான முதல் சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் தானே போய்விடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தன்னையே நொந்துகொள்கிறாளா, தூக்கம் வருகிறதா. குழந்தையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எங்கள் வீட்டில் கேட்ட கேள்விகள் அத்தனையும் குழந்தையைப் பற்றியவை.

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அதோடு தொடர்புடையவை என்று அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவி இல்லாதது. படித்தபோது எங்கள் வீட்டின் தளவரைபடத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

இங்கே ஒரு சிக்கல். நோய் என்று சொன்னால் வீடு தப்பித்துக்கொள்கிறது: "அவளுக்குத்தான் ஏதோ." வீடுதான் காரணம் என்றால் மருந்து தள்ளிப்போகிறது: "நாலு நாள் நல்லா பாத்துக்கிட்டா சரியாயிடும்." இரண்டுமே பாதி உண்மை. எலும்பு முறிந்தவனுக்குக் கட்டும் போட வேண்டும், அவன் விழுந்த படியையும் சரிசெய்ய வேண்டும்.

அக்கா சிகிச்சைக்குப் போனாள், தேறினாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "பைத்தியம்னு சொல்லி புள்ளயப் பிரிச்சிடுவாங்கன்னு பயமா இருந்துச்சுடா." 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது: தாய் மனநல மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அவளிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. அவளுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. ஒன்றுமே தோன்றாத குழந்தையை இழந்துவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள். அதற்கு என்ன பெயர் வைப்பது?

இப்போது பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் "தூக்கம் வருதா?" என்று அம்மாவிடம்தான் முதலில் கேட்கிறேன். சில பேர் சிரிக்கிறார்கள். சில பேர் பதில் சொல்லும் முன் கதவுப் பக்கம் பார்க்கிறார்கள்.