வாக்குறுதியும் உண்மையும்: கலிபோலி நிருபர்கள் எழுப்பும் கேள்வி

கலிபோலிச் சமரின் நூற்றாண்டையொட்டி, 2015இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் 'டெட்லைன் கலிபோலி' என்ற இரு பாக நாடகம் ஒளிபரப்பாகியது. போர்வீரர்களைப் பற்றிய படங்கள் ஏராளம் உண்டு. இது அவர்களருகே குறிப்பேட்டுடன் நின்ற நான்கு பத்திரிகையாளர்களின் கதை. எல்லிஸ் அஷ்மீட்-பார்ட்லெட், சார்ள்ஸ் பீன், பிலிப் ஷுலர், கீத் மேர்டொக் ஆகிய நால்வரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். இராணுவத் தணிக்கைக்குக் கட்டுப்பட்டுப் போர்முனையில் நின்றவர்கள். கொடுத்த வாக்கைக் காப்பதா, கண்ட உண்மையைச் சொல்வதா என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி.

1915 ஏப்ரல் 25இல் உஸ்மானியத் துருக்கியின் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின. அஸ்திரேலியப் படையினரின் வீரத்தைப் புகழ்ந்து பார்ட்லெட் எழுதிய செய்தி மே 8இல் அவுஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலையில் மட்டும் அங்கே 36,000க்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். ஆனால் படையெடுப்பு தோல்வியில் முடிகிறது என்று அதே பார்ட்லெட் எழுத முனைந்தபோது தணிக்கையாளரின் கத்தரி குறுக்கே வந்தது. புகழ்ச்சி கடல் கடந்தது. தோல்வி கரையிலேயே தங்கிவிட்டது.

பிரித்தானியப் பிரதமர் அஸ்குவித்துக்கு அவர் இரகசியமாக எழுதிய கடிதத்தை மேர்டொக் எடுத்துச் சென்றார். மார்செய் துறைமுகத்தில் அது பறிக்கப்பட்டது. பின்னர் மேர்டொக் தாமே அவுஸ்திரேலியப் பிரதமர் ஃபிஷருக்கு சுமார் 8,000 சொற்களில் நீண்ட கடிதம் எழுதினார். தணிக்கையை மீறுவதில்லை என்று அவரும் கையொப்பமிட்டவரே. ஒக்டோபரில் தளபதி இயன் ஹமில்டன் திருப்பி அழைக்கப்பட்டார். 1916 ஜனவரிக்குள் படைகள் முற்றாக விலக்கப்பட்டன. அந்த முடிவுக்கு அக்கடிதம் மட்டுமே காரணமல்ல. எனினும் அதற்கும் பங்குண்டு.

வாக்கை அமானிதமாகக் கருதும் நாம் இதை எப்படி எடைபோடுவது? படை இறங்கும் இடத்தையும் ஆள்தொகையையும் மறைக்கும் தணிக்கை உயிர்களைக் காக்கிறது. அதற்குக் கொடுத்த வாக்கை நிருபர் காத்தே ஆகவேண்டும். ஆனால் அதே தணிக்கை திட்டத்தின் பிழைகளையும், காயமுற்றோர் பட்ட அவலத்தையும் மூடும்போது, அது காப்பது தளபதிகளின் பெயரைத்தான். வீரர்களின் உயிரும் ஓர் அமானிதம். அது பெரியது.

எது பெரியது என்பதை மீறுபவரே தீர்மானிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே அவர் மீது சில கடமைகள் விழுகின்றன. திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்ல வேண்டும். அதன் விளைவைத் தாமே ஏற்க வேண்டும். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. இருவரும் பிரதமர்களுக்கே எழுதினர். பார்ட்லெட் போர்முனையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மேர்டொக் தவறியது மூன்றாவதில். சில நாட்களே அங்கு நின்ற அவரது கடிதத்தில் பிழைகளும் மிகைகளும் மலிந்திருந்தன. ஹமில்டனின் பதிலைக் கேளாமலே அஸ்குவித் அதை அச்சிட்டுச் சுற்றுக்கு விட்டார். உண்மைக்காக வாக்கை மீறியவருக்கு உண்மையின் கடன் இரட்டிப்பாகிறது.

பீன் வேறு வழியில் சென்றார். ஓகஸ்டில் காலில் குண்டு பாய்ந்தும் அவர் போர்முனையை விட்டு அகலவில்லை. செய்திகளில் எழுத முடியாததை நாட்குறிப்புகளில் எழுதினார். பின்னாளில் போர் வரலாற்றின் பன்னிரண்டு தொகுதிகளைப் பதிப்பித்து, ஆறினைத் தாமே எழுதினார். முதல் தொகுதி வெளிவந்தது 1921இல். களத்தில் மாண்டவனுக்கு அது பயன்படவில்லை. அவனுடைய பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. பொறுமையான உண்மைக்கும் மதிப்புண்டு. ஆனால் காலந்தாழ்ந்த உண்மையால் உயிரைக் காக்க முடிவதில்லை. ஷுலரோ பேனாவை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். 1917இல் போரில் காயமுற்று இறந்தார்.

நால்வரும் ஒரு பக்கத்து அகழியிலிருந்தே பார்த்தவர்கள். எதிர்ப்புற அகழிகளில் மாண்ட உஸ்மானிய வீரர்கள் 80,000க்கும் அதிகம். அனத்தோலியக் கிராமங்களில் அவர்களுக்காகக் காத்திருந்த தாய்மாரிடம் எந்த நிருபரின் கடிதம் போய்ச் சேர்ந்தது? தணிக்கையாளர் வெட்டாமலே விடுபட்டுப்போகும் உண்மைகளும் இருக்கின்றன. எழுதுபவர் அவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவரே.