நெற்குவியல் மேல் யாருடைய சாமி?

போரடித்துத் தூற்றிய நெல் களத்தில் குவிந்ததும், அதன் உச்சியில் சாணத்தில் பிடித்த பிள்ளையார் ஏறுவார். தலையில் அருகம்புல். குவியலைச் சுற்றிச் சாணிப்பாலால் குறி போடுவார்கள். இரவில் யாராவது கைவைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்பார்கள். காவிரிப் படுகையில் பக்தி, காவல், கணக்கு மூன்றும் ஒரே குவியலில்தான் இருந்தன.

வீட்டிலும் அப்படியே. நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம், வாசலில் அரிசி மாக்கோலம், பொங்கலன்று பத்தாயத்துக்கும் பொட்டு. சித்திரையில் நல்லேர் பூட்டி மண்ணைக் கும்பிட்ட பிறகே உழவு. ஆடிப் பதினெட்டில் காவேரியைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் பாவித்து, காப்பரிசியும் காதோலை கருகமணியும் படைப்பார்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்து, தண்ணீர் விடுவது அதிகாரிகள் கைக்குப் போன பிறகும் அந்தப் படையல் நிற்கவில்லை. அயர்லாந்துக் கிராமங்களிலும் பிப்ரவரி 1, புனித பிரிஜித் திருநாளுக்கு முந்திய இரவு கோரையில் சிலுவை பின்னி, வீட்டிலும் மாட்டுத் தொழுவத்திலும் செருகுவார்கள். மண்ணை நம்பிப் பிழைக்கும் குடும்பம் சாமியைக் கோயிலோடு விட்டுவிடுவதில்லை.

ஆனால் அந்த நெல்லை நட்டு, அறுத்து, கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தலித் பண்ணையாட்கள். அவர்கள் தொட்ட நெல் பத்தாயத்துக்குள் போகும். முன்பின் தெரியாத வழிப்போக்கன் படுத்துறங்கும் திண்ணையில் அவர்கள் உட்கார முடியாது. கூலி நெல்லும் கொல்லைப்புறத்தில்தான். நெல்லுக்குத் தீட்டில்லை, நட்ட கைக்கு உண்டு என்றால், அந்த வீடு கும்பிட்டது எதை?

சடங்கு பொய்யில்லை. பயிரையும் மாட்டையும் ஆற்றையும் உயிராகப் பார்த்த மனம் உண்மையானதுதான். அந்தப் பார்வையை மனிதர்வரை கொண்டுவர மறுத்ததே குற்றம். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதினாறு ஆண்டு கழித்தும் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு உயிர் போயிற்று: 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். மூன்று வாரத்தில் அதே மாவட்டத்தில் பொங்கல் பானை ஏறியது.

இன்று அறுவடை இயந்திரம் வயலோரத்திலேயே நெல்லைக் கொட்டுகிறது. மூட்டைகள் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகின்றன. பழைய ஓட்டு வீடுகளின் முற்றத்தையும் தூண்களையும் பலர் படம்பிடிக்கிறார்கள், வழக்கங்களை எழுதிவைக்கிறார்கள். நல்ல வேலை. அப்படியே கொல்லைப்புறம் நின்று நெல் வாங்கியவர்களையும் தேடிப் போய்க் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இந்தத் தைக்குள் போய்விடுங்கள்.